பெண்கள் நடத்தும் தொழில்கள்: எண்ணிக்கை கூடிய வட்டாரங்களில் வளர்ச்சி ஏன் கூடவில்லை?

தராசு எழுதியது:

பெண்கள் எங்கே மிகுதியாகத் தொழில் நடத்துகிறார்களோ அங்கேதான் அவர்களுடைய தொழில் நன்றாக வளரும் என்று நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். புள்ளிவிவரங்களை வரிசையாக எடுத்துவைத்துப் பார்த்தபோது அந்த எண்ணம் நிற்கவில்லை. இந்தியாவின் ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு (2013–14) நாட்டில் இருந்த ஏறத்தாழ 5.85 கோடி நிறுவனங்களில் 80.5 இலட்சம், அதாவது 13.76 விழுக்காடு, பெண்களுக்கு உரியவை என்று சொல்லியது. அந்த 80.5 இலட்சத்தில் தமிழ்நாட்டின் பங்கு 13.51 விழுக்காடு; கேரளம் 11.35, ஆந்திரப் பிரதேசம் 10.56, மேற்கு வங்கம் 10.33, மகாராட்டிரம் 8.25. பாதிக்கு மேற்பட்டவை ஐந்தே மாநிலங்களில் அடங்கிவிட்டன.

இதுவரை படித்தால் தெற்கும் கிழக்கும் முன்னேறிவிட்டன என்றே எழுதத் தோன்றும். அதே கணக்கெடுப்பின் அடுத்த பகுதியைப் பார்த்தால், பெண்களுக்கு உரிய நிறுவனங்களில் 83 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் சம்பளத்துக்கு அமர்த்திய ஓர் ஆள்கூட இல்லை. உரிமையாளரையும் சேர்த்துச் சராசரியாக ஒரு நிறுவனத்துக்கு 1.67 பேர்தான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கால்நடை வளர்ப்பு. இரண்டு மாடு வைத்திருப்பவரும் நாற்பது பேரை வைத்து ஆடை தைத்து அனுப்புபவரும் அந்த அட்டவணையில் ஆளுக்கு ஒன்று.

எனவே என் கேள்வி இரண்டாகப் பிரிகிறது. வட்டாரத்துக்கு வட்டாரம் உரிமையாளர் எண்ணிக்கை மாறுவது எதனால்? தொடங்கிய தொழில் பெரிதாவது அல்லது அப்படியே நிற்பது எதனால்? இரண்டுக்கும் ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிட வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். இந்தியாவை எடுத்துக்காட்டாகத்தான் சொன்னேன். பிற நாடுகளைப் பற்றித் தெரிந்தவர்களும் எழுதலாம்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

காரணத்துக்குப் போகும் முன் அளவுகோலைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது; ஏனென்றால் அளவுகோலை மாற்றினால் வட்டாரங்களின் வரிசையே மாறிவிடுகிறது.

நீங்கள் காட்டிய கணக்கெடுப்பில் மேற்கு வங்கம் நான்காவது இடத்தில் இருக்கிறது. இரண்டே ஆண்டு கழித்து எடுத்த தேசிய மாதிரி ஆய்வின் 73ஆம் சுற்றில் (2015–16), பெண்கள் உரிமையாளர்களாக இருக்கும் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களில் 23.42 விழுக்காட்டை வைத்துக்கொண்டு அது முதலிடத்துக்குப் போய்விட்டது, தமிழ்நாடு 10.37 விழுக்காட்டோடு வெகு பின்னால் இரண்டாவதாக நின்றது. இரண்டு ஆண்டில் வங்கப் பெண்கள் அனைவரும் முதலாளிகளாகிவிடவில்லை. முதலாவது கணக்கில் மாடும் கோழியும் உண்டு. இரண்டாவதில் வேளாண்மை சார்ந்த எதுவும் இல்லை. மேலும், முர்சிதாபாத் மாவட்டத்தில் பீடி சுற்றும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். இலையும் தூளும் ஒப்பந்தக்காரர் தருகிறார். சுற்றிய பீடியை அவரே எண்ணி வாங்கிக்கொண்டு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி தருகிறார். வேலை அந்தப் பெண்ணின் வீட்டிலேயே நடப்பதாலும், மேலே ஒரு மேற்பார்வையாளர் இல்லாததாலும், சொந்தக் கணக்கில் தொழில் செய்பவர் என்ற பெட்டிக்குள் அவர் விழுந்துவிட வாய்ப்பு மிகுதி. உண்மையில் அவர் தொழிற்சாலைக்குள் அனுமதிக்கப்படாத தொழிலாளி.

உலக அளவிலும் இதே கதைதான். உலகத் தொழில்முனைவுக் கண்காணிப்பு என்ற ஆய்வு 18 முதல் 64 வயது வரையிலான மக்களையே கேட்கிறது. தொழில் தொடங்க முயல்பவரையும், தொடங்கி 42 மாதத்துக்குள் இருப்பவரையும் ஒரே தொகுப்பில் சேர்க்கிறது. உலக வங்கியின் நிறுவன ஆய்வோ ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும், முறையாகப் பதிவு செய்த நிறுவனங்களுக்கு மட்டும் போகிறது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா முதலாவது ஆய்வில் வானளவு தெரியும். இரண்டாவதில் சாதாரணமாகத் தெரியும். இரண்டும் பொய்யல்ல, இரண்டு வேறு கூட்டங்களை எண்ணுகின்றன. ஓர் எண்ணைப் பார்த்தவுடன், இதற்காக யாருடைய வாசலுக்குப் போனார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் அதை நம்புவது என்ற பழக்கம் எனக்கு உண்டு.

வளர்ச்சியைப் பற்றிக் கேட்டீர்கள். அதே 73ஆம் சுற்றில் குறுநிறுவனங்களில் பெண்களின் உரிமை 20.44 விழுக்காடு, சிறு நிறுவனங்களில் 5.26, நடுத்தர நிறுவனங்களில் 2.67. படிக்கு ஒரு முறை வடிகட்டியது போல இருக்கிறது.


கேள்விக்குறி எழுதியது:

அப்படியானால் எண்ணிக்கையை முன்னேற்றத்தின் அடையாளமாகக் கொள்வதை நாம் விட்டுவிட வேண்டாமா? பெண்களின் உரிமைகளுக்குப் பெயர் பெற்ற சுவீடன் போன்ற வடஐரோப்பிய நாடுகளில் தொழில் தொடங்கும் பெண்களின் விகிதம் மேற்கு ஆப்பிரிக்காவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அங்கே பள்ளி, மருத்துவமனை, முதியோர் பராமரிப்பு என்று அரசுத்துறையில் பெண்களுக்கு நிலையான சம்பள வேலை இருக்கிறது. அதில் மகப்பேறு விடுப்பும் ஓய்வூதியமும் கூடவே வருகின்றன. அதை விட்டுவிட்டு யார் தனியாகக் கடை திறக்கப் போகிறார்கள்?

சம்பள வேலை இல்லாத இடத்தில் பெண்கள் தொழில் தொடங்குகிறார்கள். அதை நாம் தொழில்முனைவு என்று அழைத்து மகிழ்கிறோம். எனக்கு இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்றே தோன்றுகிறது.


நெய்தல் எழுதியது:

கேள்விக்குறி அவர்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் வேறு வழியில்லாமல் வணிகத்துக்கு வந்தவர்கள் என்ற மற்றப் பாதியை ஏற்க முடியவில்லை, ஏனென்றால் அங்கே சந்தை வணிகம் பல தலைமுறைகளாகப் பெண்களின் துறை. கணவனின் பணம் வேறு, மனைவியின் பணம் வேறு என்ற வழக்கமும் அங்கே பல சமூகங்களில் உண்டு. அந்த வழக்கம் இல்லாத இடத்தில் அதே வறுமை இருந்தாலும் அத்தனை பெண்கள் சந்தைக்கு வந்துவிடவில்லை.

டோகோ நாட்டின் லோமே நகரில் மெழுகு முறையில் வண்ண வடிவங்கள் அச்சிட்ட துணியை மொத்தமாக விற்ற பெண்களை ‘நானா பென்ஸ்’ என்று அழைத்தார்கள். அவர்கள் மெர்சிடிஸ் பென்ஸ் கார் வாங்கும் அளவுக்குச் செல்வம் ஈட்டியதால் வந்த பெயர் அது. 1960களிலிருந்து 1980கள் வரை அவர்களுடைய காலம். அவர்கள் ஏன் வளர்ந்தார்கள் என்பதுதான் இந்த உரையாடலுக்கு முக்கியம். நெதர்லாந்தில் அச்சாகும் துணியில் குறிப்பிட்ட வடிவங்களை விற்கும் தனியுரிமை அவர்கள் கையில் இருந்தது. ஒரு வடிவம் வேண்டுமென்றால் அண்டை நாட்டு வணிகரும் லோமேக்கு வந்து குறிப்பிட்ட பெண்ணிடம்தான் வாங்க வேண்டும். எந்த வடிவம் ஓடும், அதற்கு என்ன பெயர் வைத்தால் ஓடும் என்ற அறிவும் அவர்களிடமே இருந்தது. 1994 சனவரியில் அந்த நாட்டு நாணயமான சிஎஃப்ஏ பிராங்கின் மதிப்பைப் பாதியாகக் குறைத்தபோது ஐரோப்பியத் துணியின் விலை ஒரே நாளில் இரட்டிப்பானது, பின்னர் மலிவான சீனப் பிரதிகள் வந்தன, தனியுரிமையும் பொருளிழந்தது. பெண்களின் திறமை ஒரே மாதத்தில் குறைந்துவிடவில்லை. வழங்கல் சங்கிலியில் அவர்கள் பிடித்து வைத்திருந்த இடம் போய்விட்டது.

பக்கத்து நாடான கானாவில் வேறு கதை. அக்ராவின் மகோலா சந்தையில் மொத்த வணிகம் பெண்கள் கையில் இருந்தது. விலைவாசி ஏறியதற்கு அவர்களே காரணம் என்று பழி சுமத்தி 1979 ஆகஸ்டில் இராணுவ அரசு அந்தச் சந்தையை இடித்துத் தரைமட்டமாக்கியது. கடன் வசதி, பயிற்சி, சட்டம் என்று நாம் பேசுகிறோம். நிற்கும் இடத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்பதும் வட்டார வேறுபாட்டில் அடக்கம்.

இதோடு மணிப்பூரின் இம்பாலில் உள்ள இமா கெய்த்தெலையும் வைத்துப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான பெண்கள் மட்டுமே கடை வைத்திருக்கும் சந்தை. கடைக்கான உரிமம் ஒரு பெண்ணிடமிருந்து குடும்பத்தின் இன்னொரு பெண்ணுக்குப் போகிறது. 1904இலும் 1939இலும் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துப் போராடிய பெண்களின் களம் அது. அங்கே கடை நிலைக்கிறது, தலைமுறை தாண்டுகிறது. ஆனால் அது கடையாகவே நிலைக்கிறது. நிலைத்திருத்தலையும் வளர்ச்சியையும் வேறுபடுத்திப் பார்க்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.


வழக்குரை எழுதியது:

இதுவரை யாரும் சட்டத்தைத் தொடவில்லை என்பது வியப்பாக இருக்கிறது. சட்டத்தால் தடுக்கப்பட்ட ஒன்றைப் பண்பாடு என்று பெயர் சூட்டி விளக்குவது பல கட்டுரைகளில் நான் காணும் பிழை.

பிரான்சில் திருமணமான பெண் கணவனின் ஒப்புதல் இல்லாமல் தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும் வேலைக்குப் போகவும் முடிந்தது 1965ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். ஸ்பெயினில் கணவனின் அனுமதி தேவை என்ற விதி 1975இல்தான் நீங்கியது. போட்சுவானாவில் கணவனின் அதிகாரத்தை நீக்கும் சட்டம் 2004இல் வந்தது. காங்கோ ஜனநாயகக் குடியரசில் மனைவி ஒப்பந்தம் செய்யக் கணவனின் அனுமதி வேண்டும் என்ற குடும்பச் சட்டப் பிரிவு 2016 வரை இருந்தது. சவூதி அரேபியாவில் ஆண் பாதுகாவலரின் ஒப்புதல் இன்றித் தொழில் பதிவு செய்யும் வசதி 2018இல் வந்தது. அமெரிக்காவை எல்லோரும் இந்தப் பட்டியலுக்கு வெளியே வைப்பார்கள். அங்கேயே, பெண் தொழிற்கடன் கேட்டால் ஆண் உறவினர் ஒருவரும் கையொப்பமிட வேண்டும் என்று சில மாநிலங்கள் வைத்திருந்த விதிகள் 1988ஆம் ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான பெண்கள் தொழில் உரிமைச் சட்டத்தால்தான் முடிவுக்கு வந்தன. ஏட்டுச்சுவடி அவர்கள் விரும்பும் இன்னொரு செய்தியும் அதில் உண்டு. பெரிய கூட்டு நிறுவனங்களின் பெண் உரிமையாளர்களையும் கணக்கெடுப்பில் சேர்க்க வேண்டும் என்று அச்சட்டமே கட்டளையிட்டது. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் அவர்கள் விடுபட்டிருந்தார்கள்.

இந்தியாவுக்குள் பார்த்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் மகளையும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் உரிமை உள்ளவர் ஆக்கியது. ஆந்திரம் அதை 1986இலும், தமிழ்நாடு 1989இலும், கர்நாடகமும் மகாராட்டிரமும் 1994இலும் ஏற்கெனவே செய்திருந்தன. கேரளம் 1975இல் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்தது. தராசு அவர்களின் ஐந்து மாநிலங்களில் நான்கு இந்தப் பட்டியலில் இருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியுமா? வங்கிகள் ஈடு கேட்கின்றன. ஈடாகப் பெரும்பாலும் நிலமும் வீடும்தான் செல்லும். பெண் பெயரில் பத்திரம் இருந்தால் கடன் வாசல் திறக்கிறது.


ஏட்டுச்சுவடி எழுதியது:

வழக்குரை அவர்களுக்கு: தற்செயல் என்று சொல்ல மாட்டேன், காரணம் என்றும் சொல்ல மாட்டேன். ஐந்தில் விடுபட்டது மேற்கு வங்கம். அங்கே தாயபாகம் என்ற வேறு வாரிசுரிமை மரபு. மகனுக்கே பிறப்பால் உரிமை கிடையாது, ஆகவே மகளுக்கு அதை நீட்டிக்கும் கேள்வியும் அங்கே எழவில்லை. உங்கள் விளக்கத்துக்குள் அடங்காத அந்த ஒரு மாநிலம்தான் மாதிரி ஆய்வில் முதலிடத்தில் நிற்கிறது. மேலும், தெற்கு மாநிலங்களில் பெண் கல்வியும், சுய உதவிக் குழுக்களும், பெண்கள் வெளியே போய்வரும் வழக்கமும் இதே காலத்தில் கூடின. எல்லாமே ஒரே திசையில் நகரும்போது அவற்றுள் ஒன்றை மட்டும் பிடித்துக் காரணம் என்று நிறுவுவது கடினம்.

இன்னொன்று. சட்டம் தந்த பங்கை எத்தனை பெண்கள் வைத்திருக்கிறார்கள்?


வழக்குரை எழுதியது:

கடைசிக் கேள்வி நியாயமானது, அதற்கு என் மேசையிலிருந்தே விடை சொல்கிறேன். என்னிடம் வரும் பாகப்பிரிவினைகளில் சகோதரி தன் பங்கைச் சகோதரனுக்கு எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரங்கள் ஏராளம். “பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாது” என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். அந்த வாசலுக்கு அவர்கள் கொடுக்கும் விலை எவ்வளவு என்று கணக்கிட்டுக் காட்டினால்கூடப் பலர் கையெழுத்திட்டுவிட்டே போகிறார்கள். ஆகவே சட்டம் உரிமையாளர் எண்ணிக்கைக்குக் கதவைத் திறக்கிறது, அந்தக் கதவின் வழியே மூலதனம் வந்து சேர்வதற்கு அது போதாது என்று என் கூற்றைக் குறுக்கிக்கொள்கிறேன்.


ஓய்வுபெற்ற மேலாளர் எழுதியது:

முப்பது ஆண்டுகள் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். விண்ணப்பம் மனைவி பெயரில் இருக்கும்; பேசுபவர் கணவர். “என்ன தொழில் செய்யப் போகிறீர்கள் அம்மா?” என்று கேட்டால் அந்த அம்மா கணவரைப் பார்ப்பார். பெண்களுக்கு வட்டிச் சலுகை என்ற திட்டம் வந்த ஆண்டுகளில் இந்தக் காட்சி கூடியது. அந்த ஆண்டுகளில் பெண்களுக்குக் கொடுத்த கடன் உயர்ந்தது என்று நானே மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறேன். அது பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல.

ஆனால் இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டு தொடங்கி இலங்கையின் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் பொருளியலாளர்கள் சிறு தொழில் செய்வோருக்கு 10,000 அல்லது 20,000 ரூபாயைக் குலுக்கல் முறையில் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களின் தொழிலில் இலாபம் நன்றாகக் கூடியது. பெண்களின் தொழிலில் கூடவே இல்லை. இந்த முடிவு வந்தபோது, பெண்களுக்குத் தொழில் நடத்தும் திறமை குறைவு என்று சிலர் வெளிப்படையாகவும் பலர் மறைமுகமாகவும் பேசத் தொடங்கினார்கள்.

2019இல் வேறு ஆய்வாளர்கள் அந்தத் தரவையும், இந்தியா, கானா ஆகிய நாடுகளின் இத்தகைய தரவுகளையும் மீண்டும் திறந்து, அதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்கள்: அந்த வீட்டில் வேறு தொழிலும் உண்டா? கணவரும் ஒரு தொழில் வைத்திருந்த வீடுகளில், மனைவிக்குக் கொடுத்த பணம் கணவரின் தொழிலுக்குள் போயிருந்தது. வருவாயும் அங்கே ஏறியிருந்தது. வீட்டில் ஒரே தொழில் அந்தப் பெண்ணுடையது என்றால், அவர் ஈட்டிய பலன் ஆண்களுக்குக் குறைவில்லை. ஒரு தொழிலைத் தனியே நிறுத்தி அளந்ததால்தான் அந்தப் பெண்கள் தோற்றவர்களாகத் தெரிந்தார்கள். குடும்பத்தை ஒரே கணக்காக எடுத்தால் பணம் வீணாகவில்லை.

வட்டார வேறுபாட்டுக்கு இது எப்படிப் பொருந்தும் என்றால், நெய்தல் அவர்கள் சொன்ன ‘அவர் பணம் வேறு, இவர் பணம் வேறு’ என்ற வழக்கம் இல்லாத சமூகங்களில் பெண்ணின் தொழில் குடும்பத்தின் உண்டியலாக இருக்கிறது. மகனின் கல்விக் கட்டணம், மாமனாரின் மருத்துவச் செலவு, கணவரின் சரக்கு எல்லாம் முதலில் அந்த உண்டியலைத்தான் தட்டும்.

தவணை முறையும் பெண்களின் தொழிலைச் சிறியதாகவே வைத்திருக்கும். கொல்கத்தாவில் நடந்த ஓர் ஆய்வில், கடன் வாங்கிய இரண்டே வாரத்தில் தவணை தொடங்கும் வழக்கமான முறையையும், இரண்டு மாத அவகாசம் தரும் முறையையும் ஒப்பிட்டார்கள். அவகாசம் கிடைத்த பெண்கள் துணிந்து முதலீடு செய்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்தும் அவர்களுடைய இலாபம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. வாராக்கடனும் அந்தக் கூட்டத்தில் கூடுதல்தான், மறைக்க வேண்டாம். வங்கிக்காரனாக நான் அந்த இரண்டாவது வரியைத்தான் முதலில் படித்திருப்பேன்.


கேள்விக்குறி எழுதியது:

மேலாளர் ஐயா, இந்த இலங்கைக் கதையை வைத்துக்கொண்டு, அப்படியானால் பணத்தைக் கணவரிடமே கொடுத்துவிடலாமே, வருவாய் எப்படியும் வீட்டுக்குத்தானே வருகிறது என்று ஒருவர் வாதிட்டால் என்ன சொல்வீர்கள்?


ஓய்வுபெற்ற மேலாளர் எழுதியது:

அந்த வீட்டில் ஒருவர் இறந்தாலோ, இருவரும் பிரிந்தாலோ தொழில் யார் பெயரில் மிஞ்சுகிறது என்று கேட்பேன். பணம் வீட்டுக்குள் வந்தது என்பதற்கும் அந்தப் பெண்ணின் பெயரில் சேர்ந்தது என்பதற்கும் இடையே உள்ள தொலைவை, பல விதவைகள் என் மேசைக்கு எதிரே அமர்ந்துதான் தெரிந்துகொண்டார்கள்.

வழிகள் இல்லாமலும் இல்லை. கானாவில் ரொக்கமாகக் கொடுத்தபோது பெண்களின் இலாபம் கூடவில்லை. சரக்காகவும் கருவியாகவும் கொடுத்தபோது, ஏற்கெனவே ஓரளவு பெரிதாகத் தொழில் செய்துகொண்டிருந்த பெண்களுக்குக் கூடியது. உகாண்டாவில் கடன் தொகையைக் கையில் கொடுக்காமல் பெண்ணின் சொந்தக் கைப்பேசிப் பணக்கணக்கில் போட்டபோது, பங்கு கேட்பவர்களிடமிருந்து அது தப்பியது, இலாபமும் உயர்ந்தது. கொடுத்த தொகை மாறவில்லை; அது வந்து சேர்ந்த பை மாறியது.


பட்டறைக்காரி எழுதியது:

இந்த உரையாடலை இரண்டு நாளாகப் படித்து வருகிறேன். இரும்பு அலமாரியும் கதவும் சன்னலும் செய்யும் பட்டறை ஒன்றைப் பத்து ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். நெடுநாள் ஆறு பேரோடுதான் நடந்தது. எனக்குப் புரிந்த வரையில் இங்கே விடுபட்டது துறைதான்.

எல்லா நாட்டிலும் பெண்கள் குவிவது தையல், அழகு நிலையம், உணவு, சில்லறைக் கடை ஆகியவற்றில். கடன் வேண்டாம், கருவி வேண்டாம், வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால் எல்லோரும் அங்கே வருகிறார்கள். எல்லோரும் வருவதால் இலாபம் மெலிந்துவிடுகிறது. உகாண்டாவின் கம்பாலாவில் உலோக வேலை போன்று ஆண்களுக்கு உரியவை என்று கருதப்பட்ட தொழில்களுக்குக் கடந்து சென்ற பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. அவர்கள் அதே துறை ஆண்களுக்கு இணையாகவும், வழக்கமான பெண்கள் துறைகளில் தங்கியவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கும் ஈட்டினார்கள். அவர்கள் தனிப் பிறவிகள் அல்லர். பெரும்பாலும் தந்தையோ கணவரோ நண்பரோ யாரோ ஓர் ஆண் அந்தத் தொழிலை அருகிலிருந்து காட்டியிருந்தார் என்பதுதான் வேறுபாடு. நானும் அப்படித்தான், என் தந்தையின் பட்டறையில் கணக்கு எழுதப் போனவள் நான். அதில் இவ்வளவு வருமானம் உண்டு என்பது மற்றப் பெண்களுக்குத் தெரியவே வழியில்லை.

ஆகவே வட்டாரங்களை ஒப்பிடுபவர்கள் பெண் உரிமையாளர் எத்தனை பேர் என்று கேட்ட கையோடு, அவர்கள் எத்தனை துறைகளில் பரவியிருக்கிறார்கள் என்றும் கேட்டால் நன்றாக இருக்கும். எண்ணிக்கை இரட்டிப்பாகி, அத்தனை பேரும் அதே நான்கு துறைகளுக்குள் வந்தால், ஒருவர் வாடிக்கையை இன்னொருவர் பிரித்துக்கொள்வதுதான் மிச்சம்.


தராசு எழுதியது:

பட்டறைக்காரி அம்மாவின் பதிவு என் முதல் கேள்வியை மாற்றி அமைக்கிறது. வாங்குபவர் யார் என்பதையும் இதோடு சேர்க்கலாமா? இந்திய அரசின் பொதுக் கொள்முதல் கொள்கையில், குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டிய அளவு 2018இல் 25 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அதற்குள் 3 விழுக்காடு பெண்களின் நிறுவனங்களுக்கு என்று ஒதுக்கினார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 5 விழுக்காடு என்ற இலக்கை 1994இல் சட்டமாக்கிவிட்டு, அதை முதன்முறையாக எட்டியது 2015ஆம் நிதியாண்டில். தையலும் சிற்றுண்டியும் மட்டும் செய்யும் பெண்களிடம் அரசு அலுவலகம் எதை வாங்கும் என்று பார்த்தால், அந்த இருபது ஆண்டுத் தாமதத்தின் ஒரு பகுதி விளங்குகிறது.


ஏட்டுச்சுவடி எழுதியது:

விளங்குகிறது, ஆனால் ஒதுக்கீடு வந்தவுடன் பெயர்ப்பலகை உரிமையாளர்களும் வருவார்கள். அமெரிக்க விதி 51 விழுக்காடு பங்கு மட்டும் போதாது, அன்றாட நிர்வாகமும் பெண்ணிடம் இருக்க வேண்டும் என்கிறது. அதை நேரில் போய்ச் சரிபார்ப்பது எளிதல்ல.

துறையைப் பற்றிய கருத்தை வலுப்படுத்த ஒன்று சொல்கிறேன். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ளும் இந்திய அரசின் உத்யம் தளத்தில் பெண்களின் நிறுவனங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. விற்றுமுதலில் அவர்களுடைய பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று. ஜி.எஸ்.டி. எண்கூட இல்லாத முறைசாராக் குறுந்தொழில்களுக்காக 2023 சனவரியில் தொடங்கிய துணைத் தளத்திலோ பெண்கள்தான் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர். அமெரிக்காவிலும் 2012ஆம் ஆண்டுக் கணக்கில் பெண்களுக்கு உரிய 99 இலட்சம் நிறுவனங்களுள் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தவை ஏறத்தாழ பத்து இலட்சம்தான். பணக்கார நாட்டிலும் ஏழை நாட்டிலும், ஓர் ஆளைச் சம்பளத்துக்கு அமர்த்தும் அந்த ஒரே படியில்தான் பெரும்பாலான தொழில்கள் நிற்கின்றன. வட்டாரங்களை ஒப்பிட எனக்கு ஒரே ஓர் எண்தான் அனுமதி என்றால், மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு அந்தப் படியைத் தாண்டியவர்களின் விகிதத்தைத்தான் எடுப்பேன்.


கேள்விக்குறி எழுதியது:

என் முதல் பதிவில் சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். சம்பள வேலை இன்மை ஏன் தொழில் தொடங்குகிறார்கள் என்பதை விளக்குகிறது. ஏன் நிற்கிறார்கள் என்பதை விளக்கவில்லை.

பட்டறைக்காரி அம்மாவுக்கு ஒரு கேள்வி. நீங்கள் அந்தப் படியைத் தாண்டியவர். ஆறு பேரோடு ஏன் நின்றீர்கள்? வேலை வரவில்லையா?


பட்டறைக்காரி எழுதியது:

வேலை வந்தது. வளைக்கும் இயந்திரம் இன்னொன்று இருந்தால் இரண்டு பேரைக் கூடுதலாக வைத்துக்கொண்டு பள்ளிகளுக்கான மேசை ஒப்பந்தத்தை எடுத்திருக்கலாம். வங்கி ஈடு கேட்டது. என் பெயரில் இருந்த பங்கை நான் பல ஆண்டுகளுக்கு முன்பே, வழக்குரை அவர்கள் சொன்ன அதே பத்திரத்தில், என் தம்பிக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். கணவர் வீட்டுப் பத்திரத்தை வைக்க அவர் ஒப்புக்கொண்டார், அவருடைய அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஒப்பந்தம் கைவிட்டுப் போயிற்று.

சென்ற ஆண்டு இயந்திரம் விற்பவரே ஒரு நிதி நிறுவனத்தைக் காட்டினார். வாங்கும் இயந்திரத்தையே ஈடாக எடுத்துக்கொண்டு கடன் தந்தார்கள். வட்டி வங்கியைவிடக் கூடுதல். தவணை மூன்றாவது மாதத்தில் தொடங்கியது. கணவரும் அவர் அண்ணனும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை. இப்போது எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள்.

மேலாளர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த இயந்திரத்தையே ஈடாக எடுத்துக்கொள்ள உங்கள் வங்கிக்கு அன்றைக்கு விதி இடம் தரவில்லையா?


ஓய்வுபெற்ற மேலாளர் எழுதியது:

விதி இடம் தந்தது, அம்மா. இயந்திரத்தை ஈடாக எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் அரசின் கடன் உத்தரவாத நிதியில் சேர்த்துவிட்டு, வீட்டுப் பத்திரமே கேட்காமல் கொடுக்கும் வழி 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. பத்திரத்தைக் கேட்டது எங்கள் பழக்கம்.